சாறு தீர்ந்த நாள்

குடுவையின் அடியில் ஒட்டி வளர்ந்திருந்த உயிரணுக்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதை, பிரிஜித்தா முதலில் நுண்ணோக்கியின் கோளாறு என்றுதான் நினைத்தாள். இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் அணுக்களுக்கு அப்படியோர் இயல்பு கிடையாது. கூழாங்கற்களை நெருக்கிப் பதித்த தரை போல, ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு, எந்தத் திசையின் மீதும் பற்றில்லாமல் பரவிக் கிடப்பவை அவை. இன்றோ ஒவ்வொன்றும் நீண்டு, மெலிந்து, ஒரு முனை மட்டும் கூராகி, காற்றில் படிந்த பயிராக இடப்புறம் நோக்கிக் கிடந்தன. இடப்புறத்தில் ஜன்னல் இல்லை. விளக்கு இல்லை. இன்குபேட்டருக்கு அந்தப் பக்கம் ஒட்டிக் கிடந்த மேசையில், பகல் முழுவதும் அவள் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

"நேத்துதான் எல்லாக் குடுவையையும் திருப்பி வச்சேன், உம்மரே," என்றாள்.

ஆய்வக உதவியாளன் உம்மர், கையுறையைக் கழற்றாமலே வந்து குனிந்து பார்த்தான். "அப்ப இதுங்களும் திரும்பிப் படுத்திருக்கும், மேடம். லோனப்பேட்டனோட அணுவாச்சே. பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம தூக்கம் வராது."

அவள் சிரிக்கவில்லை. வேறு யாருடைய திசு மாதிரியாக இருந்தாலும் சிரித்திருப்பாள். எண் மட்டும் எழுத வேண்டும், ஆளின் பெயர் எழுதக்கூடாது, சொந்தக்காரர்களின் திசுவைத் தொடவே கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். கணவனின் இதயத்துக்கு மாற்றுப்பாதை அமைத்தபோது காலிலிருந்து உரித்தெடுத்த நாளத்தில் மிஞ்சிய துண்டை, அறுவை அரங்கின் வாசலில் நின்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு வந்த அன்றே அவள் அந்த வழக்கத்தை மீறியிருந்தாள். மறுபடி அடைத்தால் வைத்துத் தைக்க அவர் காலில் உருப்படியான நாளம் ஏதும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு செயற்கைக் குழாயின் உட்புறத்தை லோனப்பனின் சொந்த அணுக்களாலேயே போர்த்த அவள் முயன்றுகொண்டிருந்தாள். அந்தக் குழாய் தயாராகும்வரை, அவருடைய மிச்ச ஆயுள் இந்தக் குடுவைகளில்தான் இருந்தது.

இந்த அணுக்கள் வெறும் ஊட்ட நீரில் பிழைப்பவை அல்ல. அவற்றைப் பெருகச் செய்ய மாட்டு மூளையின் அடிப்பகுதியிலிருந்து வடித்தெடுத்த சாறு வேண்டும். அந்தச் சாற்றை உலர்த்திய வெளிநாட்டுப் பொடி துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கிய பிறகு, திருச்சூர் அறவுசாலையில் விடியற்காலையில் அறுபடும் மாடுகளின் மூளையை வாங்கிவந்து, பனிக்கட்டியில் வைத்து அரைத்து, சுழற்றி, வடிகட்டித் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் எல்லோரும் அதைச் சாறு என்றே சொன்னார்கள். ஒருமுறை அவளும் உம்மருடன் போயிருந்தாள். தோலுரிந்த தலையை மரக்கட்டையில் சாய்த்து, கொம்பிருந்த இரு குழிகளுக்கும் நடுவே கோடரி இறங்கியபோது எழுந்த ஓசை, ஈரத் தேங்காய் பிளப்பதைப் போல அத்தனை வீட்டுத்தனமாக இருந்தது. வெதுவெதுப்பான ஆவி எழுந்தது. அறுத்தவன் இரண்டு விரலை உள்ளே விட்டு, எதையும் சிதைக்காமல், முழுதாக அள்ளி அவள் நீட்டிய பாத்திரத்தில் வைத்தான்.

போன மாதம் ஒரு ஹர்த்தால். பேருந்து இல்லை, கடை இல்லை, அறவுசாலையில் கத்தி எடுக்க ஆளில்லை. சாறு தீர்ந்திருந்தது. அணுக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, உள்ளே குமிழ் விட்டு, பிடிமானத்தைக் கைவிடத் தொடங்கின. ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியத்தை அன்று அவள் செய்தாள். முழங்கையில் பட்டையைக் கட்டி, தன் நரம்பில் ஊசி ஏற்றி, எடுத்த இரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை வடித்து அவற்றுக்கு ஊட்டினாள். மறுநாள் குடுவைகள் நிரம்பி வழிந்தன. மாட்டுச் சாற்றில் ஒருபோதும் அவை அப்படி வளர்ந்ததில்லை.

அதன் பிறகுதான் இந்தச் சாய்வு.

அன்று மாலை அவள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, மழையில் நனைந்த பலாமரத்தின் புளித்த வாடை முற்றம் முழுக்க நின்றது. லோனப்பன் வராந்தாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வருடம் சொந்தப் பேருந்தைத் தானே ஓட்டிய மனிதர். அறுவைக்குப் பின் சுவரைப் பிடித்து நடந்தவர். இப்போது கன்னம் சிவந்து, கழுத்து தடித்து, புது மாப்பிள்ளை போல இருந்தார். இடது காலில் கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடிய தழும்புக்கு அடியில், உரித்தெடுத்த நாளம் இருந்த அதே தடத்தில், விரல் பருமனுக்கு ஒன்று நீலமாகப் புடைத்து ஓடியது. எடுத்ததை மறுபடி முளைக்கவைக்க எந்த மருந்தாலும் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஓட்ஸ் கஞ்சி வச்சிருந்தேனே, குடிச்சீங்களா சேட்டா?"

"குடிச்சேன். மாட்டுக்கு வைக்கிறத மனுஷனுக்கு வச்சா, மாட்டை மனுஷன் என்னதான் பண்றது, சொல்லு." அவர் சிரித்தபடி அருகில் வந்து, அவளுடைய நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தார். "உங்கிட்ட இப்பல்லாம் ஒரு வாசம் வருதுடி."

"மருந்து வாடையா இருக்கும்."

"இல்ல. பசி எடுக்கிற வாசம்."

முத்தமிடுவார் என்று காத்திருந்தாள். முத்தமிடவில்லை. அவருடைய கட்டைவிரல் அவளுடைய இரு புருவங்களுக்கும் இடையில் வந்து தங்கி, எலும்பின் கனத்தை அளப்பது போல மெல்ல அழுத்திவிட்டு விலகியது.

மறுநாள் முதல் இரண்டு நாளுக்கு மாநிலம் முழுக்க ஹர்த்தால் என்று அறிவித்தார்கள். கடைசிக் குப்பியில் இருந்த சாற்றை அவள் எல்லாக் குடுவைகளுக்கும் பங்கிட்டாள். பேருந்து இல்லாததால் உம்மர் ஆய்வகத்திலேயே தங்கிக்கொண்டான். முதல் நாள் மதியம், வீட்டில், லோனப்பன் கட்டிலில் மல்லாந்து உறங்கிக்கொண்டிருக்கையில், அவள் துணி மடித்தபடி கட்டிலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனாள். மூடிய கண்களுடன் அவருடைய முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தாள். முகவாய் நெஞ்சில் இறங்கியது. உறக்கம் கலையவில்லை, குறட்டையின் தாளம்கூட மாறவில்லை. அவள் கையிலிருந்த வேட்டியை மடிக்காமலே கீழே வைத்தாள்.

அன்று மாலைக்குள் குளிர்ப்பெட்டி காலியாகியிருந்தது. பொரிக்க வைத்திருந்த மத்தி, சமைக்காமலே போயிருந்தது. முள்கூட இல்லை.

இரண்டாம் நாள் காலையில், மதிலுக்கு அப்பால் வறீது கத்துவது கேட்டது. பால் கறந்து குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு ஊற்றுகிறவர். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிரிஜித்தா ஓடிப்போய்த் தொழுவத்தின் வாசலில் நின்றாள். சாணத்தின் வாடையையும் மீறி, அவள் ஒருமுறை சுவாசித்து மறக்காத அந்த வெதுவெதுப்பான ஆவியின் வாடை வந்தது. சிவப்புப் பசு முன்னங்கால் மடிந்து கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொம்புகளுக்கு நடுவே மண்டை பிளந்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது போல உள்ளே வெறுமையாக இருந்தது.

"காட்டுலேர்ந்து புலி இறங்கியிருக்குமோ, வறீதேட்டா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே பொய்யாக ஒலித்தது.

"புலியா? எந்தப் புலி மேடம் வெட்டுக்கத்தி எடுத்துக்கிட்டு வரும்?" வறீது தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கறியத் தொடல. ஈரலத் தொடல. அரவமே இல்லாம வந்து, மூளைய மட்டும் தின்னுட்டுப் போயிருக்கான். இன்னிக்கு ஹர்த்தால் வேற. போலீஸைக் கூப்பிட்டா அவன் நடந்துதான் வரணும்."

அவள் வீட்டின் பின்புறமாக உள்ளே வந்தாள். லோனப்பன் கிணற்றடியில் குந்தி, தேங்காய் வெட்டும் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பனியன் சுத்தமாக இருந்தது. முகத்தைக் கழுவியிருந்தார். காது மடலின் பின்னால் மட்டும் ஏதோ வெளுப்பாக ஒட்டி உலர்ந்திருந்தது.

"தப்பு பண்ணிட்டேன், பிரிஜி."

"ஏன் சேட்டா?"

"பசி. வயித்துல இல்ல. எல்லா இடத்துலயும். விரல் நுனியில பசிக்குமா மனுஷனுக்கு?" அவர் நிமிரவில்லை. "வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. அது இல்ல. நான் தேடுனது அது இல்ல."

பிறகு நிமிர்ந்தார். அவளுடைய கண்களைப் பார்க்கவில்லை. கண்களுக்குச் சற்று மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்டை அசைந்தது. கத்தியின் பிடி அவள் பக்கம் வரும்படித் திருப்பி, தரையில் வைத்து, காலால் தள்ளிவிட்டார்.

"எடுத்துக்கோ. தூரமா போய் நில்லு."

அவள் எடுத்தாள். போன மாதத்து ஊசியைப் பற்றியும், தன் இரத்த நீரைப் பற்றியும், ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த அணுக்களைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். வழி தவறிய பயணி சொல்வதைக் கேட்கும் பேருந்துக்காரரைப் போல.

"என்னைக் கேக்காமலே எனக்கு விருந்து வச்சிருக்க."

"உங்களக் காப்பாத்தத்தான்..."

"தெரியும்டி. அதுங்களக் கொன்னுடு."

"கொன்னா, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

"கொல்லலன்னா உனக்கு ஆகும்." அவர் எழுந்து, அவளைத் தொடாமல் சுவரோரமாக நடந்து படுக்கையறைக்குள் போனார். "வெளிய பூட்டு. போன கையிலயே வச்சுக்கிறேன், பேசிக்கிட்டே இரு. தெறக்கச் சொன்னா தெறக்காத. கெஞ்சினா கண்டிப்பா தெறக்காத."

அவள் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆய்வகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மனிதர் இல்லை. நடுவில் எரிந்து அணைந்த டயர் ஒன்று மழையில் புகைந்துகொண்டிருந்தது. ரப்பர் கருகிய வாடை நாக்கில் ஒட்டியது. அடைத்த கடைகளின் இரும்புக் கதவுகள் மீது தூறல் விழும் ஓசையைத் தவிர வேறெதுவும் இல்லை. காதில் வைத்திருந்த போனில் அவருடைய மூச்சு. அது அவளுடைய நடையின் தாளத்துக்கே ஏறி இறங்கியது. அவள் நின்றாள். மூச்சும் நின்றது.

"ஏன் நின்னுட்ட?" என்றார்.

அவள் ஓடினாள்.

உம்மர் வாசலிலேயே காத்திருந்தான். இரண்டு நாளாக மழிக்காத முகத்தில் கேலி இல்லை. "நானே கூப்பிடலாம்னு இருந்தேன், மேடம். சாறு இல்லாம இந்நேரம் செத்து மிதக்கணும். வந்து பாருங்க."

இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும், இனிப்பும் இரும்பும் கலந்த வெம்மை முகத்தில் அடித்தது. பார்க்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. அடித்தளத்தை விட்டெழுந்த அணுக்கள், நூலாகத் திரண்டு, நூல்கள் பின்னிக் குழாயாகி, குடுவையின் சுவரேறி, மூடியின் மரையிடுக்கு வழியே வெளியே நுனி நீட்டியிருந்தன. ஒரு குடுவையின் நூல் பக்கத்துக் குடுவையின் நூலோடு முடிந்திருந்தது. அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். நுனிகள் எல்லாம் அந்த ஒரு அடிக்கும் சேர்த்து வளைந்தன.

"ப்ளீச் எடு."

"மேடம், இது அவரோட..."

"எடு உம்மரே."

போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியை இயக்கினாள். முதல் குடுவையின் மூடியைத் திருகினாள். நூல் அறுந்தது. மேசையிலிருந்த போனுக்குள் லோனப்பன் முனகினார்.

ஊற்றினாள்.

வெளுப்பு நீர் பட்ட இடத்தில் நூல்கள் துடித்துச் சுருண்டன. நுரைத்தன. போனில் ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு ஒரு மனிதனிடமிருந்து அவள் கேட்டேயிராத, வாய் மூடியபடி எழுப்பும் அலறல்.

"கால், பிரிஜி. கால் எரியுது."

இரண்டாவது குடுவை.

"தெற. கதவத் தெறடி. ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துட்டு..."

மூன்றாவது. கதவில் உடம்பு மோதும் ஓசை. மறுபடி. மரம் விரிசல் விடும் ஓசை. உம்மர் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "மேடம், செத்துருவாரு. போதும் மேடம்." அவள் முழங்கையால் அவன் நெஞ்சில் இடித்தாள். ப்ளீச் சிந்தி அவள் கை வெந்தது. உறைக்கவில்லை.

"ஊத்தாத," என்றது போன். "ஊத்தாத. அம்மா. ஊத்தாத." அதே மூச்சில், பற்களைக் கடித்து, அவளுடைய கணவனின் குரலில்: "ஊத்துடி. நிறுத்தாத."

கடைசிக் குடுவை. அதன் நூல் அவள் கட்டைவிரலைச் சுற்றியிருந்தது. எப்போது சுற்றியது என்று தெரியவில்லை. பற்களால் அறுத்தாள். துப்பினாள். ஊற்றினாள்.

ஓசை நின்றது.

குடுவைகளில் அழுக்கு நுரை. உம்மர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். போனில் மழை. அவர்கள் வீட்டுக் கூரையில் விழும் மழை. அதன் அடியில் மிக மெதுவாக, களைத்துப்போய், ஒரு குரல்.

"பசி போச்சு, பிரிஜி."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சேட்டா? வலிக்குதா?"

"இல்ல. வீட்டுக்கு வா."

அவள் திரும்பி வந்த வழி நினைவில்லை. வறீது தொழுவத்தின் பக்கம் குழி தோண்டுவதைப் பார்த்தாள், அவர் ஏதோ கேட்டார், தலையாட்டிவிட்டு வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். குழாய் இனி இல்லை. மறுபடி அடைத்தால் வழி இல்லை. இருந்தாலும் ஆள் இருக்கிறார். பசி போயிருக்கிறது. அரிசிக் கஞ்சி வைத்துத் தர வேண்டும். உப்புக்கூடப் போட்டுத் தரலாம்.

பூட்டு அப்படியே இருந்தது. கதவின் நடுப்பலகை உள்ளிருந்து அடிபட்டு வெளியே பிதுங்கியிருந்தது. விரிசலில் ஒரு நகம் செருகி நின்றது.

"நான்தான், சேட்டா."

பூட்டில் சாவியைத் திருப்பினாள். திறந்தாள்.

லோனப்பன் கட்டிலில் தன் பக்கத்தில், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பல வாரங்களில் முதல் முறையாக, அவருடைய முகம் அவள் இருந்த திசையில் இல்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அருகில் போய்த் தோளைத் தொட்டாள். தோள் லேசாக இருந்தது. வெறும் சட்டையைத் தொட்டது போல. மெல்ல இழுத்ததும் உடம்பு முழுவதும் எதிர்ப்பின்றி மல்லாந்தது. சுண்ணாம்பு வெளுப்பு. கன்னம் எலும்போடு ஒட்டியிருந்தது. உதடுகளில் நிறமே இல்லை. இடது காலின் தழும்பு கணுக்காலிலிருந்து தொடைவரை திறந்து கிடந்தது. உள்ளிருந்து திறந்தது போல, விளிம்புகள் வெளியே மடிந்திருந்தன.

விரிப்பில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

தரையில் இல்லை. சுவரில் இல்லை.

அவள் படுக்கும் பக்கத்தில் போர்வை புடைத்திருந்தது.

பிளந்த காலிலிருந்து விரல் பருமனான ஒன்று, ஈரமாக, போர்வையின் அடியில் போயிற்று. அவள் கை தானாக நீண்டது. போர்வையின் நுனியைப் பிடித்தது. விலக்கியது.

நூல்கள். முடியிழையிலிருந்து விரல் பருமன் வரை, சிவப்பும் நீலமுமாக, கிளைத்து, பின்னி, தோலில்லாமல், எலும்பில்லாமல். மெத்தையில் அவளுடைய உடம்பு இத்தனை வருடமாகப் பதித்த பள்ளத்தை அளவெடுத்து நிரப்பியிருந்தன. அவள் மடக்கும் அதே முழங்கால். கன்னத்துக்கு அடியில் அவள் வைக்கும் அதே கை. தலை இருக்க வேண்டிய இடத்தில் நூல்கள் நெருங்கி, உருண்டு, திரண்டு, உள்ளே வெறுமையான ஒரு கூடாக நின்றன.

அது துடித்தது.

அவளுடைய நெற்றிப்பொட்டிலும் துடித்தது. அதே தாளம். அவள் மூச்சைப் பிடித்தாள். தாளம் விரைந்தது. இரண்டிலும்.

பின்னால் கதவு திறந்திருந்தது. கால்கள் திரும்பவில்லை.

மெத்தை மெல்லக் கிறீச்சிட்டது. அது, அவளுக்கு இடம் விட்டு, சற்றே நகர்ந்து படுத்தது.